சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானம் அதைக் கடக்க நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது. ராயபுரத்தில் லுஹர் தொழுதுவிட்டு வீட்டைவிட்டு இறங்குகிறவர், அன்றிரவே சிங்கப்பூரில் இஷா தொழலாம். நம் பிள்ளைகளுக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை.

ஆனால் நம் பாட்டனார் காலத்தில் இதே தொலைவு ஒரு வாரத்துக்கும் மேலான கடற்பயணமாக இருந்தது. அவர்களுக்கும் நான்கைந்து தலைமுறை முந்தியவர்களுக்கோ அது ஒரு பருவக்காற்று. போக ஒரு காற்று, திரும்ப மற்றொரு காற்று. கடல் அதே கடல்தான். இரு கரைகளும் அவையேதாம். இடையிலுள்ள தொலைவு மட்டும் மாதத்திலிருந்து நாளுக்கும், நாளிலிருந்து மணிக்கும் சுருங்கி வந்திருக்கிறது. அப்படியானால் நம் வீடுகளின் காத்திருப்பும் அதே அளவில் சுருங்கியிருக்க வேண்டும் அல்லவா? சுருங்கியிருக்கிறதா என்பதை, இந்த வடசென்னைக் கடற்கரையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்க்கம் தொலைவை அளந்த விதம்

கிலோமீட்டரும் கடல் மைலும் வருவதற்கு முன்பே நம் ஃபிக்ஹ் நூல்கள் பயணத் தொலைவை அளந்து வைத்திருந்தன. அவை அதைப் பெரும்பாலும் நாட்களால் அளந்தன. தொழுகையைச் சுருக்கித் தொழ அனுமதிக்கும் பயணம் எது என்ற கேள்விக்கு ஷாஃபிஈ மத்ஹபு கூறும் விடை இரண்டு மர்ஹலா. அதாவது சுமை ஏற்றிய ஒட்டகங்கள் இரண்டு நாளில் கடக்கும் தூரம். ஹனஃபீ மத்ஹபு மூன்று நாள் பயணம் என்கிறது. இதனை நம் நாட்டு ஹனஃபீ உலமாக்கள் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என்று கணக்கிட்டனர். ஷாஃபிஈ கணக்கு இன்றைய அளவில் எண்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், மரைக்காயர் ஊர்களின் மத்ரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வரும் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில், கடலும் தரையைப் போன்றதே என்கிறார்கள். அத்தனை மைல்களையும் ஒருவர் கடலில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் அவருக்குச் சலுகை உண்டு என்று தெளிவுபடுத்துகிறார்கள். காற்று வாய்த்த பாய்மரக் கப்பலை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட அந்தச் சட்டம், எழுநூறு ஆண்டுகள் கழித்து ஜெட் விமானத்துக்கும் அப்படியே பொருந்தி நிற்கிறது.

இதே சட்டத்தின் மறுபாதியை நாம் அதிகம் நினைப்பதில்லை. சென்ற ஊரில் நான்கு நாட்கள் தங்க எண்ணம் கொண்டுவிட்டால் ஷாஃபிஈகளிடம் பயணி என்ற நிலை முடிந்துவிடும். ஹனஃபீகளிடம் பதினைந்து நாட்கள் தங்கும் எண்ணத்தோடு அது முடியும். அதன் பின் அவர் அந்த ஊரில் தங்கியவர். முழுத் தொழுகை தொழ வேண்டியவர். மார்க்கச் சட்டத்தில் பயணம் அவ்வளவு குறுகியது. நம் வீடுகளிலோ ஒருவர் இருபது ஆண்டுகள் அக்கரையில் இருந்தாலும் அவரைப் பற்றிக் கேட்டால், ‘சபர் போயிருக்கிறார்’ என்றே விடை வரும். சட்டம் பயணியாகக் கருதாத ஒருவரை வீடு ஆண்டுக்கணக்கில் பயணியாகவே வைத்திருக்கிறது. இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடைப்பட்ட இடைவெளியில்தான் நம் குடும்பங்களின் வரலாறு நடந்தேறியது.

காற்றை நம்பிய காலம்

எண்ணூருக்கு வடக்கே, ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் உள்ளது பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்புவதற்கு முன்பே அது கிழக்கு நாடுகளுக்குத் துணி அனுப்பிய துறைமுகம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியரான டோமே பிரஸ் எழுதிய குறிப்புகளில் பழவேற்காட்டுத் துணிக்கு இடமுண்டு. அவ்வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. மரைக்காயர் என்ற பெயரே மரக்கலத்திலிருந்து வந்தது என்பது நம்மிடையே வழங்கும் விளக்கம்.

அன்றைய பயணத்தைக் காற்றே தீர்மானித்தது. தென்மேற்குக் காற்றில் கிழக்கே போவார்கள். வடகிழக்குக் காற்று நிலைத்த பின் திரும்புவார்கள். சரக்கு விற்றுத் தீர்ந்தாலும் காற்றுத் திரும்பும்வரை அக்கரையில் காத்திருக்க வேண்டும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும். கடலில் கழிந்தவை சில வாரங்களே. காத்திருப்பில் கழிந்தவை பல மாதங்கள். அந்த மாதங்களில் அங்கேயே மணம் முடித்தவர்கள் பலர். மலாய்த் தாய்மாருக்கும் நம் கரையிலிருந்து சென்ற தந்தையருக்கும் பிறந்த சந்ததியே ஜாவி பெரனாக்கான் எனப்பட்ட சமூகமாக வளர்ந்தது. இரு கரையிலும் ஒரு குடும்பம் என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் காற்றின் கால அட்டவணையும் இருந்தது.

1786இல் ஃப்ரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கினார். 1794இல் அவர் எழுதிய அறிக்கையில் ‘சூலியா’ என்று அவர்கள் அழைத்த சோழமண்டலக் கரையோர மக்களைக் குறிப்பிடுகிறார். அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே நிலையாகத் தங்கியிருந்தனர். இவர்களைத் தவிர, ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 ஆண்கள் வந்து, சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும், அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வருவதாகவும் அவர் எழுதினார். இன்று வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வரும் நம் இளைஞர்களின் சுழற்சியை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பதிவு செய்துவிட்டார்.

சென்ற இடத்தில் அவர்கள் முதலில் எழுப்பியவை தொழும் இடங்கள். பினாங்கில் காதர் முகைதீன் மரைக்காயர் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் அடையாளம். 1819இல் சிங்கப்பூர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தோன்றியது. 1827இல் தெலுக் ஆயர் தெருவில் ஒரு குடிசையில் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலைத் தமிழர்கள் ‘குச்சுப் பள்ளி’ என்றே அழைத்தனர். அதே தெருவில் நாகூர் தர்கா 1830க்குள் எழுந்தது. அன்று தெலுக் ஆயர் தெருதான் கடற்கரை. கரையிறங்கியவர் சில அடிகளில் தொழுமிடத்தை அடைந்துவிடலாம். பிற்காலத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இப்போது அத்தெருவிலிருந்து கடல் கண்ணுக்கே தெரிவதில்லை.

துறைமுகமில்லாத பட்டினம்

இக்கரையில் நிலைமை வேறாக இருந்தது. மதராஸ் பட்டினத்துக்கு இயற்கையான துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து போக வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையடியில் உடைந்துவிடும் என்பதால் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகளே பயன்பட்டன. மூவாயிரம் கிலோமீட்டர் கடற்பயணத்தில் பலரும் அஞ்சிய பகுதி கரையோரத்துக் கடைசிச் சில நூறு அடிகளே.

1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டு, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. உள்நாட்டிலிருந்து கடலுக்கு வரும் வழி குறுகியது. 1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினர். அவை முடியும் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயல் அவற்றைத் தகர்த்தது. மீண்டும் கட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் ஃப்ரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்ற பின், மணல் தூர்த்துக்கொண்டிருந்த கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார்கள். அதன் பின்னரே கப்பல்கள் உள்ளே வந்து அமைதியாக நிற்க முடிந்தது.

தொலைவைக் குறைத்த இந்த ஏற்பாட்டின் விலையை வடசென்னை கொடுத்தது, இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றதால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் நிலத்தை அரித்தது. மீனவக் குப்பங்களும் தெருக்களும் பின்வாங்கின. கரை நெடுகிலும் கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. அக்கரையில் தெலுக் ஆயர் தெருவைவிட்டுக் கடல் விலகிப்போனது. இக்கரையில் ராயபுரத் தெருக்களை நோக்கிக் கடல் நெருங்கி வந்தது.

தந்தியும் நீராவியும்

நீராவிக் கப்பல் காற்றின் கால அட்டவணையை உடைத்தது. இனி எந்த மாதத்திலும் போகலாம், எந்த மாதத்திலும் திரும்பலாம். 1870ஆம் ஆண்டின் முடிவில் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. கப்பலோடு போய்க் கப்பலோடு திரும்பிக்கொண்டிருந்த செய்தி அன்று முதல் கப்பலை முந்தியது. ஆனால் தந்தி சொல்லுக்குச் சொல் காசு கேட்டது. பெரும் வணிகர்கள் விலை நிலவரம் அறிய அதைப் பயன்படுத்தினார்கள். சாதாரண வீட்டுக்குத் தந்தி வந்தால் அது பெரும்பாலும் மரணச் செய்தி. கதவைத் தட்டும் தந்திச் சேவகனைக் கண்டதுமே வீடு அழத் தொடங்கும் வழக்கம் வெகுகாலம் நீடித்ததற்கு அதுவே காரணம்.

நம் சமூகத்தின் நினைவில் நிலைத்த கப்பல் ‘ரஜுலா’. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் பாதை. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. டெக் பயணிக்கு அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பாயை விரித்த இடமே அவரது இடம். பெட்டி தலையணையாகும்.

எண்ணிப் பாருங்கள். ஒரு வாரத்துக்கும் மேலாக அந்தத் தளத்தில் ஜமாஅத் தொழுகை நடக்கும். ஹனஃபீ, லுஹரையும் அஸரையும் அவற்றின் நேரத்தில் சுருக்கித் தொழுவார். ஷாஃபிஈ, சுருக்குவதோடு சேர்த்தும் தொழுவார். கப்பல் திரும்பும்போதெல்லாம் கிப்லாவின் திசை மாறும். கிழக்கே செல்லச் செல்ல ஒவ்வொரு நாளும் சூரியன் சில நிமிடங்கள் முந்தி மறையும். ஃபிக்ஹ் கிதாபில் படித்த பயணத் தொழுகையின் பாடங்கள் அத்தனையும் அந்த ஒரு வாரத்தில் கண் முன்னே நடந்தேறின. வழியில் ஒருவர் மரணித்துக் கரை எட்டாத நிலையில், குளிப்பாட்டிக் கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுது, உடலைக் கடலில் இறக்குவது நம் நூல்கள் காட்டும் வழி. அப்படிப் போனவரின் வீட்டாருக்கு ஜியாரத் செய்ய ஒரு கபுறும் இல்லை.

ஆனால் அந்த ஒரு வாரத்துக்கு ஒரு நன்மையும் இருந்தது. அதில் ஒருவர் வீட்டைவிட்டு மெல்ல மெல்லப் பிரிந்தார். அதே கப்பலில் ஊர்க்காரர்கள் இருந்தனர். போகும் இடத்தைப் பற்றிச் சொல்ல அனுபவசாலிகள் இருந்தனர். திரும்பும்போதும் வீட்டை எண்ணிப் பார்க்க ஒரு வாரம் கிடைத்தது. நான்கு மணி நேரத்தில் அந்த மன ஆயத்தத்துக்கு இடமில்லை.

தொலைவு அறுந்துபோன ஆண்டுகள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. பாதை முழுமையாக அறுந்தது. கப்பல் இல்லை; கடிதம் இல்லை; பணமும் இல்லை. ரஜுலாவின் உடன்பிறப்பான ‘ரோனா’ கப்பல் போர்ப்பணிக்கு எடுக்கப்பட்டு, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரையருகே ஜெர்மானியக் குண்டுக்கு இரையாகி ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. இங்கே மதராஸிலும் 1942 ஏப்ரலில் படையெடுப்பு அச்சத்தால் மக்கள் திரளாக ஊரைவிட்டு வெளியேறினார்கள். 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடையும்வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக, அக்கரையில் இருந்த கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாமல் நம் பெண்கள் வாழ்ந்தார்கள்.

காணாமற்போன கணவனை ஃபிக்ஹில் ‘மஃப்கூத்’ என்பர். அவனுடைய மனைவி எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு. ஹனஃபீ மத்ஹபின் பழைய தீர்ப்புப்படி, அவன் வயதையொத்தவர்கள் இறந்துபோகும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். நடைமுறையில் அது அவள் ஆயுள் முழுவதுமாகும். மாலிகீ மத்ஹபு நான்கு ஆண்டுகள் என்று எல்லை வகுத்தது. 1930களில் மவ்லானா அஷ்ரஃப் அலி தானவீ (ரஹ்) அவர்கள், இந்தியப் பெண்களின் இன்னலைக் கண்டு, இவ்விஷயத்தில் மாலிகீ கருத்தை ஏற்கலாம் என்று விரிவாக எழுதினார்கள். அதன் வழியே 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. நான்கு ஆண்டுகள் கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கோரலாம். இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராமல் கைவிட்டாலும் கோரலாம். இந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருக்க வேண்டியது.

அச்சட்டம் வந்து மூன்றே ஆண்டுகளில் சிங்கப்பூர் வீழ்ந்தது என்பதை நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். மைல்களில் தொலைவு மாறவில்லை. ஆனால் செய்தி நின்றபோது 3,000 கிலோமீட்டர் கடக்கவே முடியாத தொலைவாகிவிட்டது.

இதைவிடப் பழைய ஒரு முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், கணவன் போர்முனையில் இருக்க இரவில் தனிமையால் வருந்திய ஒரு பெண்ணின் குரலைக் கேட்டார்கள் என்றும், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. நான்கு மாதம் என்று சில அறிவிப்புகளும், ஆறு மாதம் என்று சில அறிவிப்புகளும் கூறுகின்றன. அதற்கு மேல் படைவீரர்களை வீட்டைவிட்டு நிறுத்திவைக்க வேண்டாம் என்று அவர்கள் ஆணையிட்டார்கள். ஒட்டகமும் குதிரையும் மட்டுமே இருந்த காலத்தில் பிரிவுக்கு வைக்கப்பட்ட எல்லை அது.

கப்பலின் கடைசி நாட்கள்

போருக்குப் பின் ரஜுலா மீண்டும் ஓடியது. ஆனால் அக்கரையின் கதவு இறுகியது. 1953இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடியேற்ற விதிகள் நடைமுறைக்கு வந்தன. காற்றையும் கப்பலையும் அடுத்து, தொலைவை நிர்ணயிக்கும் மூன்றாவது சக்தியாக அனுமதிச் சீட்டு வந்து நின்றது.

1973இல் ரஜுலா இந்தியக் கப்பல் போக்குவரத்துக் கழகத்துக்கு விற்கப்பட்டு, ‘ரங்கத்’ என்று பெயர் மாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே கடலில் உழைத்த கப்பல் அது. அதன் இடத்தை ‘எம்.வி. சிதம்பரம்’ எடுத்துக்கொண்டது. 1966இல் பிரான்சில் ‘பாஸ்டர்’ என்ற பெயரில் கட்டப்பட்ட அக்கப்பலை, 1970களின் தொடக்கத்தில் நம் அரசு நிறுவனம் வாங்கிச் சென்னை–சிங்கப்பூர் வழியில் விட்டது. குளிர்பதனப் பெட்டி, டேப் ரிக்கார்டர், நறுமணத் தைலம், சேலை என்று அக்கரைப் பொருட்கள் அதில் வந்திறங்கின. துறைமுகத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் அமைந்த பர்மா பஜார் அப்பொருட்களால் நிறைந்தது. சரக்கு கொண்டுவந்து கொடுத்து, கமிஷன் பெற்று, மறுபடியும் புறப்படும் ‘குருவி’களும் இக்காலத்தில் பெருகினர். அவர்களுக்குச் சிங்கப்பூர் அயல்நாடாகவே இல்லை. அடிக்கடி போய்வரும் சந்தையாகியிருந்தது.

1985 பிப்ரவரி 12 அன்று, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த சிதம்பரம் கப்பலில் தீப்பற்றியது. வீடு வந்து சேரும் தறுவாயில் பல பத்து உயிர்கள் போயின. கப்பல் மீண்டும் பணிக்குத் திரும்பவில்லை. ரஜுலாவும் சிதம்பரமும் ஓடிய பாதை அத்தோடு முடிந்தது. அந்தத் தீயில் மாண்டவர்களுக்கும், அதற்கு முன் அந்தக் கடலில் அடங்கியவர்களுக்கும் அல்லாஹ் மஃபிரத் அளிப்பானாக.

இன்றும் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் புறப்படுகிறது, அது அந்தமானுக்கு. போர்ட் பிளேரை அடைய ஏறத்தாழ அறுபது மணி நேரம் பிடிக்கும். விமானமோ சுமார் இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடும். எண்ணூரில் 2001 முதல் இயங்கும் காமராசர் துறைமுகத்திலும், அதை அடுத்துள்ள காட்டுப்பள்ளியிலும் நிலக்கரியும் கண்டெய்னரும் கையாளப்படுகின்றன, மனிதர் கப்பலேறுவதில்லை.

நான்கு மணி நேரம்

1950களின் நடுவில் ஏர் இந்தியா சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. அன்று விமானம் வசதி படைத்தோருக்கு உரியது, கப்பல் மற்றெல்லோருக்கும். 1985க்குப் பின் விமானமே அனைவருக்கும் வழியாயிற்று. புறப்படும் வாசலும் இடம் மாறியது. முன்பு மண்ணடியிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் நடந்தே போய்க் கப்பலேறலாம். வழியனுப்ப ஒரு தெருவே திரண்டு போகும். இன்று புறப்பாடு நகரின் தெற்குக் கோடியில். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் திருவொற்றியூரைக் கடந்து விம்கோ நகர்வரை நீண்டதால், எண்ணூர் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரிகளிடையே சிக்காமல் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விமான நிலையம் சேரலாம். விம்கோ நகரிலிருந்து மீனம்பாக்கம் செல்லும் நேரம், மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் செல்லும் நேரத்தில் கால் பங்கு!

செய்தியின் வேகமோ விமானத்தையும் மிஞ்சியது. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழைக் கம்பி கடலடியில் போடப்பட்டது. 1870ஆம் ஆண்டுத் தந்திக் கம்பி இணைத்த அதே இரு கரைகளைத்தான் அதுவும் இணைக்கிறது. அன்று சொல்லுக்குச் சொல் காசு; இன்று முகம் பார்த்து மணிக்கணக்கில் பேசலாம்.

இருந்தும் சூரியனின் கணக்கு மாறவில்லை. இரு நகரங்களுக்கும் இடையே கடிகாரம் காட்டும் வேறுபாடு இரண்டரை மணி நேரம். ஆனால் சூரியன் சிங்கப்பூரில் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்தே சென்னையில் மறைகிறது. ரமளானில் அங்கே வாப்பா பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறக்கும்போது, இங்கே உம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியை எந்த விமானமும் குறைக்கவில்லை.

எது இன்னும் குறையவில்லை?

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். தொலைவு மாதத்திலிருந்து நான்கு மணிக்குச் சுருங்கிவிட்டது. நம் வீடுகளின் காத்திருப்பு சுருங்கியதா?

பாய்மரக் காலத்தில் ஓர் ஆண்டில் திரும்பியவர்கள் உண்டு. இன்று வேலை அனுமதியில் செல்லும் நம் தொழிலாளர்களில் பலர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். சிங்கப்பூரில் இவ்வகை அனுமதியில் உள்ளவர் மனைவி மக்களைச் சார்ந்தோராக அழைத்துக்கொள்ள முடியாது. பயணச் சீட்டின் விலை, விடுப்பு மறுக்கும் முதலாளி, முகவரிடம் வாங்கிய கடன், ஊரில் பாதியில் நிற்கும் வீடு ஆகியவையே இன்றைய பருவக்காற்று. அக்காலத்தில் திரும்ப முடியாததற்குக் கடல் காரணம். இன்று கடல் காரணமில்லை. அதனால்தான் இன்றைய பிரிவு வீட்டிலிருப்போருக்கு அதிகம் வலிக்கிறது. நான்கு மணி நேரத்தில் வந்துவிடக்கூடியவர் வரவில்லை என்பதை ஒரு குழந்தைக்கு விளக்குவது கடினம்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், சென்ற தேவை முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்புங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். உறக்கத்தையும் உணவையும் பானத்தையும் பயணம் தடுத்துவிடுகிறது என்பது அதற்கு அவர்கள் கூறிய காரணம். இன்றைய விமானத்தில் உணவும் உண்டு, பானமும் உண்டு, உறங்க இருக்கையும் உண்டு. தேவை முடிந்ததும் திரும்ப வேண்டும் என்ற கட்டளை மட்டும் அப்படியே நிற்கிறது. தேவை எப்போது முடிகிறது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மகளின் திருமணம் என்ற ஒரு தேவை முடிந்தால் வீடு கட்டுதல் என்ற அடுத்த தேவை வருகிறது. அது முடிந்தால் மற்றொன்று. எல்லை வகுக்காத தேவை ஒருபோதும் முடிவதில்லை.

ஆகவே புறப்படுமுன்பே கணவனும் மனைவியும் அமர்ந்து பேசிச் சில முடிவுகளை எடுத்துக்கொள்வது நலம். எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை சேர்ந்தால் போதும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருவது என்பவை அவை. உமர் (ரலி) அவர்களின் எல்லையை அப்படியே கடைப்பிடிக்க எல்லோருக்கும் இயலாமற் போகலாம். எல்லை என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதை மறக்காதிருக்க எல்லோருக்கும் இயலும். பணம் அனுப்புவது கடமையில் ஒரு பகுதி; முகம் காட்டுவது மற்றொரு பகுதி. பெற்றோரும் பிள்ளைகள் அனுப்பும் தொகையைக் கொண்டு தேவைகளைப் பெருக்கிக்கொள்ளாமல் இருப்பது, அப்பிள்ளைகள் விரைவில் திரும்பச் செய்யும் பேருதவி.

மார்க்கச் சட்டத்தில் நான்கு நாளிலோ பதினைந்து நாளிலோ முடியும் பயணம் நம் வீடுகளில் ஆண்டுகளாக நீள்கிறது. விமானத்தால் குறைக்க முடிந்த தொலைவை விமானம் குறைத்துவிட்டது. மீதியைக் குறைக்க வேண்டியவர்கள் நாம்.

கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்கள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்து, அவர்களின் ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் செய்து, அவர்களை நலமுடன் குடும்பத்தாரிடம் சேர்த்துவைப்பானாக. காத்திருக்கும் தாய்மாருக்கும் மனைவியருக்கும் அவர்களின் பொறுமைக்கு நிறைவான கூலி தந்தருள்வானாக. ஆமீன்.